குதிரை பிடித்து நின்றவரும் மாடு பார்த்தவரும்

தம்பி,

நேற்றுக் காலை காபியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது உன் மாமா அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் மாதிரிப் படம் என் போனில் வந்து விழுந்தது. நீ அதைப் பார்த்துவிட்டு, சூப்பர் என்று ஒரு கட்டைவிரலும் போட்டிருக்கிறாய். பிள்ளையார் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குதிரைகள் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றின் மேல் தலைப்பாகையும் வாளுமாக ஒருவன். மற்றதன் மேல் சதுரத் தொப்பியும் ஈட்டியுமாக இன்னொருவன். நடுவில் தங்க எழுத்தில் 'தஞ்சை மன்னரின் குதிரைப்படைத் தளபதி வம்சமும் போலந்து நாட்டு ஈட்டிப்படை வீரர் வம்சமும் இணையும் திருமண விழா' என்று போட்டிருக்கிறது. உன்னைப் பெற்ற எங்கள் இருவர் பெயரும் அதற்குக் கீழே, குளம்படியில், பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய அளவில் இருக்கிறது. முப்பது வருஷம் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தக் குதிரைகளுக்கு முழங்கால் தப்பான பக்கம் மடங்குகிறது. அப்படி ஒரு பிராணி என் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்திருந்தால், இது இனி எழுந்து நிற்காது என்று எழுதிக் கொடுத்திருப்பேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நீ போலந்தின் கிராகோவிலிருந்து போன் பண்ணி, "அப்பா, சங்க மலர்ல நீங்க எழுதின நம்ம குடும்ப வரலாறு இருக்குல்ல, அதோட மார்த்தா வீட்டு ரெஜிமென்ட் கதையையும் சேத்து ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு சின்ன புக்லெட்டாக் குடுத்துடலாம்" என்றாய். நானும் தலையாட்டினேன். இரண்டு பக்கம் எழுதுவதற்காக நானூறு பக்கம் படித்தேன். எழுத முடிந்தது இதுதான். இதைப் புக்லெட்டில் போட உனக்கு மனசு வராது என்று தெரியும். ஆனால் இதை ஒளித்துவைத்துப் படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. உன் மாமாவுக்குக் காட்டு, சங்கத்துக்காரர்களுக்குக் காட்டு, நீ கட்டிக்கொள்ளப்போகிற மார்த்தாவுக்கு மொழிபெயர்த்துச் சொல். நான் பத்துப் பேர் படிக்க எழுதியவற்றில் பொய் இல்லாத முதல் எழுத்து இதுவாகத்தான் இருக்கும்.

முதலில் அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மார்த்தாவின் கொள்ளுத்தாத்தா வேலை பார்த்த குதிரைப்படை ரெஜிமென்ட்டின் வரலாறு. அதே ரெஜிமென்ட்டில் மேஜராக இருந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊர் திரும்ப முடியாமல் வெளிநாட்டிலேயே தங்கிப்போன ஒருவர் வயதான காலத்தில் எழுதியது. யாரோ அதை இங்கிலீஷில் பெயர்த்திருக்கிறார்கள். மார்த்தா அனுப்பியதை ரயிலடி ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன வரலாறு என்கிறாய்! முதல் ஐம்பது பக்கம் சட்டைக் காலர். காலரில் என்ன நிறப் பட்டி, தொப்பியில் என்ன நிறப் பட்டி, அந்த நிறத்தைப் பக்கத்து ரெஜிமென்ட் திருடிக்கொண்டதா, இவர்கள் அவர்களிடமிருந்து திருடினார்களா என்று மேலிடத்துக்கு மனு மேல் மனு. பிறகு குதிரையின் நிறம். ஸ்குவாட்ரன் என்ற ஒரு பிரிவுக்கு முழுக்கச் செம்பழுப்புக் குதிரை, இன்னொன்றுக்குக் கரும்பழுப்பு, எக்காளம் ஊதுகிறவர்களுக்கு மட்டும் வெள்ளை. நல்ல கால் உள்ள குதிரையை நிறம் ஒத்துவரவில்லை என்று தள்ளிவிட்டு, நொண்டியை நிறத்துக்காக எடுத்திருக்கிறார்கள். இதை மேஜர் பெருமையாக எழுதுகிறார். கர்னலின் குதிரைக்குப் பெயர், அதன் தாய்க்குப் பெயர், தாயின் தாய்க்குப் பெயர் எல்லாம் இருக்கிறது. அந்தக் குதிரைகளுக்குச் சாணம் அள்ளியவன், லாடம் அடித்தவன், வயிற்றுவலி வந்த குதிரையை இரவெல்லாம் நடத்திக்கொண்டு திரிந்தவன், ஒருவன் பெயர்கூட அந்த நானூறு பக்கத்தில் சும்மா வந்துவிடவில்லை. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு ரெஜிமென்ட்டும் மற்றதைக் கேலி செய்ய இரண்டு வரிப் பாட்டு ஒன்று வைத்திருக்குமாம், குடித்துவிட்டுப் பாடுவார்களாம். எனக்குப் பிடித்த பக்கம் அது ஒன்றுதான். குடித்திருந்தபோதாவது யாரோ உண்மை பேசியிருக்கிறார்கள்.

நம்மூரை விட்டுவிட்டு அவர்களை மட்டும் ஏசுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தஞ்சாவூர் கீழவாசலிலிருந்து மன்னார்குடி போகும் வழியெல்லாம் ஃப்ளெக்ஸ் போர்டு. எல்லா போர்டிலும் ஆண்ட பரம்பரை. காதுகுத்தா, மஞ்சள் நீராட்டா, ஆண்ட பரம்பரைதான். குதிரை, சிங்கம், வாள், பின்னால் ஒரு கோபுரம். வழியில் ஆளப்பட்ட பரம்பரை என்று ஒரு போர்டுகூட இல்லை. அப்படியென்றால் அந்த ராஜாக்களெல்லாம் யாரைத்தான் ஆண்டார்கள்? எல்லோரும் குதிரை மேல் உட்கார்ந்திருந்தால் இந்தச் சேற்றில் இறங்கி நாற்று நட்டது யார்? வாய்க்கால் வெட்டியது யார்? இதைப் போன வருஷம் ஒரு வளைகாப்பில் உன் மாமாவிடம் கேட்டேன். நம் சாதிச் சங்கத்தில் செயலாளராக இருக்கிறாரே, பதில் வைத்திருப்பார் என்று பார்த்தேன். "அத்தான், நீங்களே எழுதிட்டு நீங்களே இப்படிக் கேட்டா எப்படி?" என்று சிரித்துவிட்டுப் பாயசத்தைப் பார்க்கப் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எழுதியது நான்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

போன மாதம் நீ வீடியோவில் மார்த்தாவின் தாத்தாவை எங்களுக்கு அறிமுகப்படுத்தினாயே, நினைவிருக்கிறதா? எண்பதைத் தாண்டிய மனுஷர், எங்களுக்காகக் கோட்டுப் போட்டுக்கொண்டு, சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மார்த்தா மொழிபெயர்க்க, அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். ஈட்டியைப் பிடித்துக்கொண்டு குதிரையில் டாங்கிகளை நோக்கிப் பாய்ந்தாராம். டாங்கியின் ஓட்டைக்குள் ஈட்டியைச் செருகினாராம். நீ பக்கத்தில் உட்கார்ந்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாய். எனக்கு என்னவோ அந்தப் பெரியவர் சொல்லும்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டே சொன்ன மாதிரி இருந்தது. மாட்டைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன் நான். வாயால் சொல்லத் தெரியாத பிராணியின் கண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். வெட்கப்படுகிற மனுஷரின் கண் அது. கேமராவின் வெளிச்சம் கூசியிருக்கும் என்று அப்போது விட்டுவிட்டேன்.

புத்தகத்தின் கடைசிப் பகுதிக்கு வந்தபோதுதான் அந்தக் கண் மறுபடி ஞாபகம் வந்தது. மேஜர் அங்கே வேறு மனுஷராக எழுதுகிறார். போர் வந்ததும் காலர் பட்டி, நிறம் எல்லாம் காணாமல் போய்விட்டது. அவர்கள் குதிரை மேல் உட்கார்ந்து சண்டை போட்டதே அபூர்வமாம். குதிரையில் சீக்கிரமாக ஓர் இடத்துக்குப் போவார்கள், இறங்குவார்கள், தரையில் படுத்துச் சுடுவார்கள். டாங்கிக்கென்று நீளமான துப்பாக்கி வைத்திருந்தார்கள். ஈட்டிகளை எப்போதோ கிடங்கில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். டாங்கி மேல் ஈட்டியோடு பாய்ந்தார்கள் என்பது, இவர்களை அடிமுட்டாள்கள் என்று காட்டுவதற்காக எதிரி நாட்டுப் பத்திரிகைக்காரன் கட்டிவிட்ட கதை என்று மேஜர் பொருமுகிறார். பாவம் மேஜர். எதிரி கேலியாகச் சொன்னதைத்தான் அவர் ரெஜிமென்ட்டின் பேரப்பிள்ளைகள் இன்றைக்குப் பெருமையாக டீ-ஷர்ட்டில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். நீயும் ஒன்று வைத்திருக்கிறாய், கறுப்பு நிறத்தில்.

சரி, எல்லோரும் இறங்கிப் போய்ப் படுத்துக்கொண்டால் குதிரைகளை யார் பார்ப்பது? அதற்கு ஆள் உண்டு. மூன்று பேர் இறங்கிப் போனால் நான்காவது ஆள் நாலு குதிரையின் கடிவாளத்தையும் பிடித்துக்கொண்டு பின்னால் மரங்களுக்குள் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவன் வேலை. மேஜர் இவர்களுக்கு மொத்தமாக ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்: இவர்கள் நேரடியாகப் போரில் பங்கெடுக்கவில்லை. பிறகு, போனால் போகிறது என்று பின்னிணைப்பில் ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் மார்த்தாவின் கொள்ளுத்தாத்தா பெயர் இருக்கிறது, குதிரை பிடிப்பவர் என்று. நான் மூன்று தடவை பார்த்தேன். அதே பெயர், அதே ஊர்.

பங்கெடுக்கவில்லையாம்! அந்த மேஜரை எழுப்பி வந்து என் முன்னால் நிறுத்தினால் கேட்பேன். ஒரு தடவை திருத்துறைப்பூண்டி பக்கம் கோமாரி ஊசி முகாமில் நான் ஒரு வண்டி மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருவில் ஏதோ விசேஷத்துக்கு ஒரு சரவெடி வெடித்தது. அவ்வளவுதான். மாடு என்னை வரப்புவரை இழுத்துக்கொண்டு போனது. கயிறு உள்ளங்கையில் எலும்பு தெரிகிற அளவுக்கு அறுத்துவிட்டது. அந்தத் தழும்பை நீ சின்ன வயசில் தடவிப் பார்த்திருக்கிறாய். அது ஒரு மாடு, ஒரு சரவெடி. அந்த மனுஷர் நாலு குதிரையைப் பிடித்துக்கொண்டு, மேலே விமானம் குண்டு போட, ஓடவும் முடியாமல் சுடவும் முடியாமல், நண்பர்கள் திரும்பி வருவார்களா என்று தெரியாமல், பிராணிகளிடம் மெதுவாக ஏதோ பேசிக்கொண்டே நின்றிருக்கிறார். வராத ஆளின் குதிரையையும் விடாமல் பிடித்திருக்கிறார். அந்தப் புத்தகம் முழுக்கத் துழாவி நான் மரியாதை கொடுக்கத் தயாராக இருக்கிற ஆட்கள் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் மட்டும்தான். கர்னலை அவர் குதிரையின் பாட்டியோடு சேர்த்துக் குப்பையில் போடு.

நேற்றைக்கு முன்தினம் மார்த்தாவுக்கு நானே போன் பண்ணினேன். உன்னிடம் சொல்லாமல்தான். அவள் நீ சொல்லிக்கொடுத்தபடி "மாமா, சாப்டீங்களா?" என்று ஆரம்பித்தாள். நான் சுற்றி வளைக்காமல், அந்தப் பட்டியலில் உன் கொள்ளுத்தாத்தா பெயர் இருக்கிறதே, உனக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். சொன்னாள். அவளுக்குத் தெரியும். அவள் தாத்தாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவர்கள் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் குதிரை பிடித்த கதையைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறார்கள். அதில் ஒருநாளும் யாருக்கும் வெட்கம் இருந்ததில்லை. நீ முதல் தடவை அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, உன் முன்னோர் தஞ்சாவூர் ராஜாவின் குதிரைப்படைத் தளபதிகள் என்று சொல்லியிருக்கிறாய். சங்க மலரில் என் கட்டுரையைப் போனில் எடுத்துக் காட்டியிருக்கிறாய். தளபதி வீட்டுப் பிள்ளைக்குக் குதிரை பிடித்தவனின் கொள்ளுப்பேத்தியா என்று உங்கள் வீட்டில் நினைத்துவிடுவார்களோ என்று அந்தப் பெரியவர் பயந்திருக்கிறார். அன்றைக்கு ராத்திரியே தன் அப்பாவைக் குதிரை மேல் ஏற்றிக் கையில் ஈட்டியைக் கொடுத்துவிட்டார். "தாத்தா அதைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அப்புறமா எங்கிட்ட வந்து, நான் சொன்னது தப்பான்னு கேக்கறார் மாமா. நான் என்ன சொல்லணும்?" என்று கேட்டாள். என் கட்டுரையே பொய் என்று அவளிடம் அப்போதே சொல்லிவிட்டேன். எண்பது வயது மனுஷர் பெற்ற அப்பாவை மறைத்துப் பேசுகிறார், ஏழு கடல் தள்ளி நான் எழுதிய பொய்க்குப் பதில் மரியாதையாக.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சங்க மலரில் வந்த அந்தக் கட்டுரைக்கு ஓர் ஆதாரமும் கிடையாது. கல்வெட்டு இல்லை, செப்பேடு இல்லை, பட்டா இல்லை, கிழிந்த காகிதம்கூட இல்லை. உன் மாமா வந்து, "அத்தான், நீங்க படிச்சவரு. எல்லா சங்கமும் வரலாறு போட்டுட்டான். நமக்கும் ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். ஒரு மத்தியான வேளையில், ஆஸ்பத்திரி மேஜையில், தடுப்பூசிப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். முதலில் குதிரைப்படை வீரர் என்று எழுதி, போதவில்லை என்று பட்டதும் தளபதி என்று திருத்தினேன். அரைமணி நேரத்தில் நம் குடும்பத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அரசாங்கத்தில் எனக்கு அவ்வளவு வேகமாகக் கிடைத்ததில்லை. உண்மை என்ன தெரியுமா? என் அப்பா பண்ணையில் மாடு பார்த்தவர். அவர் அப்பாவும் அதேதான். அதற்கு மேலே யார் என்று எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஏன் எழுதினேன் என்று கேட்பாய். ஆபீசில் என்னை 'மாட்டுக்காரர் மகன் மாட்டு டாக்டர் ஆயிட்டாரு' என்று இரண்டு பேர் சிரித்ததைக் கேட்டிருந்தேன். அதற்காகத்தான். நான் டாக்டர்கூட இல்லை, ஆய்வாளர்.

உன் தலையில் அதை ஏற்றியதும் நான்தான். உனக்குப் பத்து வயசிருக்கும்போது வேதாரண்யத்துக்கு ஒரு வேலையாகப் போனவன் உன்னைக் கோடிக்கரைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே உப்புச் சேற்றில் காட்டுக்குதிரைகள் நின்றன. மட்டக்குதிரை, விலா எலும்பை எண்ணலாம், மயிரில் சேறு காய்ந்து கிடந்தது. யாருடைய குதிரைப்பா என்று கேட்டாய். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ராஜாவுடைய படைக்குதிரைகளின் வாரிசு, அதில் நம்ம தாத்தாவின் குதிரை வாரிசும் இருக்கும் என்றேன். நீ அவற்றைப் பார்த்து சல்யூட் அடித்தாய். நான் சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த சல்யூட்டைத்தான் நீ இப்போது பத்திரிகையாக அச்சடிக்கப் போகிறாய்.

இதுவரை சொன்னதெல்லாம் வெறும் அசட்டுத்தனம். மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது இனிமேல்தான். மலர் வெளியீட்டு விழாவை மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். தளபதி வம்சத்தின் மூத்த வாரிசு என்று என் அப்பாவை மேடையில் ஏற்றினார்கள். பட்டுத் தலைப்பாகை கட்டி, கையில் தகர வாள் ஒன்றைக் கொடுத்து, நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உனக்கு அப்போது நாலு வயசு, உன் அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்ததும் அவர் எழுந்து நின்று, கூட்டத்தைக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "குதிரை கிதிரையெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நான் கிட்டக்கப் போய்ப் பாத்தது கூட இல்ல. பண்ணையில மாடு பாத்தவன்ங்க. எங்கப்பாவும் அதான். பதினாலு ஜோடி உழவு மாடு இருந்திச்சு. ஒண்ணு கூட என் கையில கால் ஒடிஞ்சு போனதில்ல. மயிலை, கூடுகொம்பன், செவலை, காரி…" என்று மாடுகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் சங்கத் தலைவர் என்னைப் பார்த்தார். நான் மேடையேறிப் போய் அப்பா கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். "மன்னிக்கணும். அப்பாவுக்கு வயசாயிடுச்சு. கொஞ்ச நாளா புத்தி தடுமாறுது" என்றேன். எல்லோரும் 'ஐயோ பாவம்' என்றார்கள். கை தட்டினார்கள். அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். அவருக்குப் புத்தி எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் இருந்தது என்று எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும்.

பொய்யில் மோசமான விஷயம் என்ன தெரியுமா, சொன்னவனே அதை நம்ப ஆரம்பித்துவிடுவான். அடுத்த வாரமே ஊரில் அவரிடம் சத்தம் போட்டு, குழந்தையிடம் பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்தார்கள். நடவுக்கு எப்போது ஆள் விடலாம் என்று அவரைக் கேட்பவர்கள் கேட்பதை விட்டுவிட்டார்கள். தை மாதத்தில் நம் கறவைப் பசு கன்று ஈனும் நேரம். அப்பா கொட்டகையிலிருந்து வந்து, "கன்னு தல மாறிக் கெடக்குது. கைய விட்டுத் திருப்பணும், இப்பவே வா" என்றார். நான் ஆய்வாளர், படித்தவன். ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். "சரிப்பா, நீங்க போய்ப் படுங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். நான் வந்து பார்த்தபோது கன்றும் செத்து, பசுவும் போய்க்கொண்டிருந்தது. அவர் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு சாகும்வரை நாலு வருஷம், தண்ணீர் வேண்டும், வெளிச்சத்தை அணை என்பதைத் தவிர என்னிடம் எதையும் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்த தாத்தா அந்த நாலு வருஷத் தாத்தாதான். எங்க தாத்தா லூசு என்று நீ பள்ளிக்கூடத்தில் சொன்னாய். அதற்கு உன்னை அடித்தேன். என்னை அடிக்க ஆள் இல்லை.

இந்தக் கடிதத்தை எழுதுகிறேன் என்று தெரிந்து உன் அம்மா காலையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். "ஏங்க, செத்தவங்க செத்துட்டாங்க. புள்ள கல்யாணத்துல போயி இந்தப் புராணத்த அவுத்து விடாதீங்க. அவன் அங்க தலை நிமிந்து இருக்கான், அத ஏன் கெடுக்கறீங்க?" என்கிறாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. நீ அந்த வீட்டில் தலைநிமிர்ந்து உட்கார்ந்தது என் பொய்யின் மேல்தான். அதை உருவினால் நீ விழுவாய், எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் என் பொய் தெரிந்த பிறகும் என்னை மாமா என்றுதான் கூப்பிட்டாள். நீ நினைக்கிற அளவுக்கு ஆழமாக விழமாட்டாய். விழுந்தாலும் அது தரைதான்.

நேற்று சாயங்காலம் உன் மாமா பத்திரிகை கொடுத்திருக்கிற அச்சகம்வரை போனேன். பத்திரிகையை நிறுத்தச் சொல்லிவிடலாம், அந்தக் குதிரைகளை எடுத்துவிட்டு நானே நாலு வரி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் போனேன். உள்ளே வேறு யாருடைய பத்திரிகைக்கோ மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. வாசலில் கால்மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். ஒரு தடவை ஒருவர் வாயிலிருந்து பேச்சைப் பிடுங்கியது போதும். உன் பத்திரிகையையும் நான் பிடுங்கமாட்டேன். என்ன போட வேண்டும் என்பதை நீ முடிவு செய். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு உன் மாமா பேசி வைத்திருக்கிற ஆட்டக்குதிரையில் ஏறி, ஈட்டியைப் பிடித்துக்கொண்டு தஞ்சாவூர்த் தெருவில் வர வேண்டுமா, அதையும் நீயே முடிவு செய். மார்த்தாவின் தாத்தா விமானம் ஏறி அவ்வளவு தூரம் வருகிறார். அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியது நீ. என்ன வார்த்தை என்று நான் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை.

என் பங்குக்கு நான் செய்யப்போவதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன். வரவேற்பு மேடையில் மாப்பிள்ளையின் அப்பா என்று எனக்கு மைக் கொடுப்பார்கள். நான் எழுந்து, பண்ணையில் மாடு பார்த்தவரின் மகன் நான் என்று ஆரம்பிப்பேன். எனக்கு ஞாபகம் இருக்கிறவரை அந்த மாடுகளின் பெயரைச் சொல்வேன். பிறகு, நாலு குதிரையை விடாமல் பிடித்து நின்ற ஒருவரின் கொள்ளுப்பேத்தி என் வீட்டுக்கு மருமகளாக வருகிறாள் என்று சொல்வேன். அதை நீ தடுக்க நினைத்தால் வழி இருக்கிறது. கஷ்டமே இல்லை. மேடையேறி வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கி, அப்பாவுக்கு வயசாயிடுச்சு, கொஞ்ச நாளா புத்தி தடுமாறுது என்று சொல். எல்லோரும் நம்பிவிடுவார்கள். நான் சொன்னபோதும் நம்பினார்கள்.

அப்பா